எந்த டைல்ஸ் என்று எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வீடு கட்டுவோருக்கான பத்திரிகைப் பக்கங்களில் ஆத்தங்குடித் தரையையும், அதாவது காரைக்குடி அருகே ஆத்தங்குடியில் கையால் செய்கிற சிமெண்ட் பூக்கல் பதித்த தரையையும், ‘டைல்ஸ்’ என்கிறார்கள். அடுத்த பத்தியிலேயே, டைல்ஸில் கறை படிந்தால் ஆசிட் விட்டுக் கழுவலாம் என்கிறார்கள். நம்பிச் செய்தவர் வீட்டில் தரை பாழாகிறது. இந்தக் குழப்பம் சொல்லிலேயே தொடங்குகிறது.

டைல் என்ற ஆங்கிலச் சொல், ‘தெகுலா’ என்ற லத்தீன் சொல்லின் வழி வந்தது. மூடுதல் என்பது அதன் வேர்ப்பொருள். ஆதியில் கூரை ஓட்டுக்குத்தான் அந்தப் பெயர். பிற்பாடு சுவரிலும் தரையிலும் தட்டையாகப் பதிக்கிற எல்லாமே டைல் ஆகிவிட்டன. எதனால் ஆனது, சுட்டதா சுடாததா என்று அந்தச் சொல்லிலிருந்து தெரியாது. செட்டிநாட்டுப் பெரிய வீடுகள் பலவற்றில் கூரையில் நாட்டு ஓடு, மொட்டை மாடியில் தட்டோடு, சுவரில் ஜப்பானிலிருந்து கப்பலில் வந்த பூப்போட்ட பளபளப்பு ஓடு, தரையில் ஆத்தங்குடிப் பூக்கல் என நான்கும் உண்டு. முதல் மூன்றும் சூளையில் வெந்தவை. பூக்கல் நெருப்பையே பார்க்காதது.

பூக்கல் செய்ய, கண்ணாடித் தட்டைத் துடைத்து, அதன்மேல் இரும்புச் சட்டம் வைத்து, உள்ளே பூ அச்சை இறக்குவார்கள். வெள்ளை சிமெண்ட், மணல், ஆக்சைடு பொடி கலந்த சாயக் குழம்பை அச்சின் ஒவ்வொரு கட்டத்திலும் ஊற்றுவார்கள். அச்சைத் தூக்கியதும் உலர்ந்த சிமெண்ட் மணலைத் தூவி ஈரத்தை இழுக்கவிட்டு, மேலே சாந்து நிரப்பி மட்டம் தட்டுவார்கள். இறுகியபின் தண்ணீர்த் தொட்டியில் ஊறவேண்டும். பளபளப்பு அந்தக் கண்ணாடி கொடுத்தது. மேலே மெருகுப்பூச்சு கிடையாது.

அதனால்தான் ஆசிட் ஆகாது. சிமெண்டிலுள்ள சுண்ணாம்புச் சத்தை அது கரைத்துவிடும். நுரை பொங்கும், முகம் சொரசொரப்பாகும், அதன்பின் எண்ணெயும் அழுக்கும் உள்ளே இறங்கும். எலுமிச்சைச் சாறு, புளித்தண்ணீர் சிந்தினாலும் உடனே துடைக்க வேண்டும். நிறப் படலம் சில மில்லிமீட்டர்தான். மொசைக் தரைக்கு ஓட்டுகிற பாலிஷ் மெஷினை இதன்மேல் ஓட்டினால் பூ தேய்ந்துவிடும். வெள்ளையாக உப்புப் பூத்தால் அடியில் ஈரம் ஏறுகிறது என்று அர்த்தம். ஈரத்துக்கு வழி பாருங்கள், ஆசிடைத் தேடாதீர்கள்.

கூடவரும் சொற்களையும் கவனிக்க வேண்டும். செராமிக் என்பது குயவர் மண்ணைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லில் பிறந்தது. டெரகோட்டா இத்தாலிய மொழியில் சுட்ட மண். என்காஸ்டிக் என்றால் சுட்டுப் பதித்தது. ஆனால் வியாபாரத்தில் சுடாத சிமெண்ட் கல்லையும் அந்தப் பெயரில் விற்கிறார்கள். இது வாங்குபவரை நேராகத் தவறான வழியில் இழுத்துப்போகும் பெயர்.

விட்ரிஃபைடு என்பது கண்ணாடித் தன்மை ஏற்றப்பட்டது. அது தன் எடையில் 0.5 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்காது. வெறும் சிமெண்ட் பாலில் பதித்தால் சரியாகப் பிடிக்காமல், தட்டும்போது வெற்றொலி கேட்கும், நாளடைவில் எழும்பிவிடும். அதற்கென்று உள்ள பசைதான் வேண்டும். பூக்கல் இதற்கு நேர்மாறு. நனைக்காமல் பதித்தால் சாந்தின் ஈரத்தை அதுவே உறிஞ்சிக்கொள்ளும், சாந்து இறுகாமல் பொடியாகும்.

கடையில் சந்தேகம் வந்தால் கல்லைத் திருப்பிப் பார்க்கலாம். பூக்கல்லின் முதுகு சாம்பல் நிறச் சாந்தாக இருக்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் குடித்துவிடும். விளிம்பில் நிறப் படலம் தனி வரியாகத் தெரியும்.

இனி இப்பக்கங்களில் டைல்ஸ் என்று வரும் இடமெல்லாம் சுட்ட ஓடா, விட்ரிஃபைடா, சிமெண்ட் பூக்கல்லா என்று சேர்த்து எழுதுங்கள். ஆசிட் யோசனை வரும் இடத்தில், ‘ஆத்தங்குடித் தரைக்கு இது கூடாது’ என்று ஒரு வரி கட்டாயம் போடுங்கள்.

இப்படிக்கு,
தரை பதிக்கும் கொத்தனார்கள்,
காரைக்குடி.