பசியாறிட்டியா செல்வா?

டேய் செல்வா,

பெர்த்ல குளிர் ஆரம்பிச்சிடுச்சா? இங்க சிங்கப்பூர்ல வழக்கம்போல மழை, வெயில், மறுபடி மழை.

அப்பாவப் பத்தி கேட்டிருந்த. உடம்பு பரவால்லடா, மறதிதான் ஜாஸ்தியாயிடுச்சு. செம்பவாங் நேவல் பேஸ்ல 1971ல வெள்ளைக்காரன் கிளம்புற வரைக்கும் வேலை பாத்த மனுஷன், நம்மளையே இங்கிலீஷ்ல மிரட்டுவாரே ஞாபகம் இருக்கா, அந்த இங்கிலீஷ் மொத்தமா போயிடுச்சு. தமிழும், அந்தக் காலத்துல கடைத்தெருல பேசுன பசார் மலாயும்தான் மிச்சம். வீட்ல இருக்கற ஹெல்பர் பிலிப்பீன்ஸ் பொண்ணு, அவகிட்ட தண்ணிக்கு "ஆயெர் ஆயெர்"ங்கறாரு, அவ முழிக்கிறா, ஆனா கால காமிச்சு "சாக்கிட்"ன்னா உடனே தைலத்தோட வந்துடுறா, அவங்க பாஷைலயும் சாக்கிட்ன்னா வலிதானாம்! கஞ்சி வேணும்னா மட்டும் தமிழ்தான், அதுவும் தன்னோட அம்மாகிட்ட கேக்கற மாதிரி.

எனக்கு இப்படி ஆனா எது மிஞ்சும்னு யோசிச்சேன். கணக்கு போடறது இங்கிலீஷ்ல. என்எஸ்னு கட்டாய பட்டாள சேவை முடிச்சு இத்தனை வருஷமாச்சு, இன்னும் யாராவது மலாய்ல அட்டென்ஷனுக்கு "செடியா"ன்னு கத்துனா கால் தானா சேருது. தமிழ்ல நான் என்ன பண்றேன்னு பாத்தா, திட்டுறேன்டா. மகதான் சொன்னா, "அப்பா, நீங்க தமிழ்ல ஆரம்பிச்சாலே ஸ்கோல்ட் பண்ணப் போறீங்கன்னு தெரிஞ்சிடும்"னு. சுருக்குன்னு இருந்துச்சு. பாராட்டுனா 'குட் ஜாப்', கோவம் வந்தா 'எருமை மாடு', அப்புறம் புள்ள தமிழ் பேச மாட்டேங்குதுன்னு டியூஷன் வேற. 2020 கணக்கெடுப்புல வீட்ல அதிகமா பேசறது இங்கிலீஷ்னு சொன்னவங்க 48.3 சதவீதம், தமிழ்னு சொன்னவங்க 2.5. என்னைக் கேட்டா வீறாப்பா தமிழ்னுதான் சொல்லியிருப்பேன், ஆனா எந்தத் தமிழ்னு அதுல கேக்கறதில்லயே.

நேத்து மக தாத்தாவுக்கு கஞ்சி ஊட்டிட்டு இருந்தா. நான் பக்கத்துல போயி "கெட்டிக்காரிம்மா நீ"ன்னேன். ஸ்பூன கீழ வெச்சிட்டு, "நான் என்ன தப்பு பண்ணேன்?"ங்கறா.

சரி, ஞாயித்துக்கிழமை போன் பண்ணு. எடுத்ததும் "ஹலோ அங்கிள்"னு ஆரம்பிக்காத, அவருக்குப் பிடிபடாது. மலாய்ல "ஆப்பா கபார்", எப்படி இருக்கீங்கன்னு கேளு, உன்ன யாருன்னு தெரியலேன்னாலும் அரை மணி நேரம் பேசுவாரு.

உன்
குமார்