செவ்வாய் விண்கல்லும் லேசர் சோதனையும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் செவ்வாய்க் கிரக விண்கல் பற்றிய கட்டுரையைப் படித்தேன். 1984-இல் அண்டார்டிகாவின் ஆலன் மலைப் பகுதியில் கிடைத்த அந்தக் கல்லில் உயிரின் தடயம் இருப்பதாக 1996 ஆகஸ்டில் நாசா விஞ்ஞானிகள் அறிவித்ததும், பிறகு அது எடுபடாமல் போனதும் உண்மைதான். ஆனால் ‘சோதனையே தவறு’ என்று கட்டுரையாளர் முடித்துவிட்டது எனக்கு வருத்தமாக இருந்தது. நாசா குழுவினர் சொன்ன விளக்கத்தைத்தான் மற்றவர்கள் ஏற்கவில்லை.

அவர்கள் தடயமாகச் சொன்னவற்றில் ஒன்று பல வளைய அரோமேட்டிக் ஹைட்ரோகார்பன்கள், அதாவது கார்பன் வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டிய சேர்மங்கள். அவை கல்லுக்குள் இருப்பதைக் காட்டியது, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஸேர் குழுவினர் வைத்திருந்த இரட்டை லேசர் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர், அதாவது மூலக்கூறுகளை நிறைப்படி பிரித்துக் காட்டும் கருவி. பீரோவில் போடும் அந்துருண்டை, அதாவது நாஃப்தலீன், இந்தக் குடும்பத்தில் மிகச் சிறியது, இரண்டே வளையம்.

வழக்கமான முறையில் கல்லைப் பொடித்துக் கரைப்பானில் ஊறவைக்க வேண்டும். அதிலேயே வெளி அழுக்கு சேர்ந்துவிடலாம். இங்கே அந்த வேலையே இல்லை. அகச்சிவப்பு லேசர் ஒரு நுண்புள்ளியைச் சட்டெனச் சூடாக்கி, மூலக்கூறுகளை உடைக்காமல் ஆவியாக்குகிறது. பின்னாலேயே 266 நானோமீட்டர் புற ஊதா லேசர். இதில் ஒரு ஃபோட்டானின், அதாவது ஒளித்துகளின், ஆற்றல் 4.66 எலக்ட்ரான் வோல்ட். அரோமேட்டிக் மூலக்கூறு அடுத்தடுத்து இரண்டை உறிஞ்சினால் 9.3, இக்குடும்பத்தைச் சேர்ந்த பைரீன் ஓர் எலக்ட்ரானை இழந்து அயனியாக ஏறத்தாழ 7.4 போதும். மற்ற மூலக்கூறுகளில் பெரும்பாலானவை அந்த ஒளியைத் தொடுவதே இல்லை. வகுப்பில் இந்த இடம் வந்ததும் என் மாணவிகள் நிமிர்ந்து உட்காருவார்கள்! அயனியானவை தத்தம் நிறைக்கேற்ற நேரத்தில் வந்து சேரும்: மூலக்கூறு நிறை 178-இல் ஃபினான்த்ரீன், 202-இல் பைரீன், 228-இல் கிரைசீன். 178 ஆந்த்ரசீனாகவும் இருக்கலாம். நிறையை மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது.

இவை கல்லின் மேலோட்டில் இல்லை, உள்ளே போகப் போகக் கூடுகின்றன என்றும் கருவி காட்டியது. பூமியில் ஒட்டிய அழுக்கு அல்ல என்பதற்கு அதையே ஆதாரமாக வைத்தார்கள். அண்டார்டிகப் பனியிலிருந்து ஊறியிருக்கலாம் என்று மறுத்தவர்களும் உண்டு. எங்கிருந்து வந்திருந்தாலும், இவ்வகைச் சேர்மங்கள் உயிரே இல்லாமலும் உருவாகும். 1969-இல் ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசனில் விழுந்த விண்கல்லிலும் இருக்கின்றன. செவ்வாய்க் கல்லின் கரிமப் பொருள் பாறையும் நீரும் வினைபுரிந்து உண்டானது என்று 2022-இல் வெளியான ஆய்வு சொல்கிறது.

பிளஸ் டூ பிள்ளைகள் உங்கள் இணைப்பை வெட்டி ஒட்டிவைக்கிறார்கள். கருவி எதை அளந்தது, ஆய்வாளர்கள் எதை ஊகித்தார்கள் என்பதைத் தனித்தனியே விளக்கி ஒரு திருத்தம் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் பேராசிரியை,
விருதுநகர்.