பட்டா இல்லாதவர்களுக்கும் பாட்டன் உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இடுக்கி மாவட்டத்தின் குடியேற்ற வரலாறு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். குடும்ப வரலாறு தேடுகிறவர்களுக்கு உதவும் என்று போட்டிருந்தீர்கள். அதில் ஒரு வரி என்னைத் தூங்கவிடவில்லை: 'ஆளற்ற மலையில் 1955-இல் குடியேற்றம் தொடங்கியது, முன்னோரைத் தேடுவோர் பட்டாவிலிருந்து தொடங்கலாம்.'

ஆளற்ற மலையா? அங்கே காலங்காலமாக வாழும் முதுவர், மன்னான், பளியர் என்ற பழங்குடிகள் எல்லாம் யார் ஐயா? 1877-இல் பூஞ்சாறு அரசரிடம் மன்றோ துரை மூணாறு பக்கத்துக் கண்ணன் தேவன் மலையை எழுதி வாங்கினார். பீருமேட்டில் அதற்கும் முன்பே காப்பித் தோட்டம் போட்டாயிற்று. காட்டை வெட்டியது துரைமாரா? மதுரை, ராமநாதபுரம், திருநெல்வேலிப் பக்கமிருந்து கங்காணி முன்பணம் கொடுத்துக் கூட்டிவந்த சனங்கள். போடி வழியாகவும் கம்பம், குமுளி வழியாகவும் நடந்தே ஏறியவர்கள். 1955-இல் திருவிதாங்கூர்-கொச்சி அரசு குடும்பத்துக்கு 5 ஏக்கர் கொடுத்து ஆட்களை ஏற்றியது அதற்கெல்லாம் பிறகு. அவர்கள் யானையோடும் காய்ச்சலோடும் பட்ட பாட்டை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் வருமுன்னே எங்கள் லயங்களில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், பலர் பிறந்து வளர்ந்து செத்தும் போயிருந்தார்கள்.

1956-இல் மாநிலங்களைப் பிரித்தபோது செங்கோட்டை இங்கே தமிழ்நாட்டுப் பக்கம் வந்ததும், தேவிகுளமும் பீருமேடும் கேரளத்தோடு நின்றதும் தங்களுக்குத் தெரியாததல்ல. அன்றிலிருந்து அங்கே நாங்கள் பாண்டிக்காரர்கள், இங்கே வந்தால் மலையாளத்தார். 2020-இல் மூணாறு பக்கம் பெட்டிமுடியில் நிலச்சரிவில் 70 பேர் மண்ணுக்குள் போனபோது எல்லாப் பத்திரிகையும் லயத்தைப் பற்றி எழுதின. உயிரோடிருக்கும் லயத்துக்காரனை வரலாற்றில் எழுத மட்டும் இடமில்லை.

பட்டாவிலிருந்து தொடங்கச் சொல்கிறீர்கள். எங்களுக்கு ஏது பட்டா? தாத்தா, அப்பா, நான் மூவரும் பீருமேடு பக்கம் ஒரே தோட்டத்தில் உழைத்தோம். ஓய்வு பெற்றதும் வீட்டைக் காலி செய்து கொடுத்த பிறகுதான் எனக்குக் கிராஜுவிட்டி வந்தது. கம்பத்துக்கு இறங்கிவிட்டேன், மகன் வண்டிப்பெரியாறில் இருக்கிறான். அவன் மகளுக்குச் சாதிச் சான்றிதழ் கேட்டபோது, 1950-க்கு முன்பே குடும்பம் கேரளத்தில் இருந்ததற்கு ஆதாரம் கொண்டுவரச் சொன்னார்கள். தோட்டம் பூட்டிக் கிடந்தது. ஆபீஸ் அறையில் செக்ரோல் என்ற ஆள்வாரிச் சம்பளப் புத்தகங்களைக் கரையான் தின்றிருந்தது. தாத்தா பேர் போட்டுச் சம்பளம் எழுதிய புத்தகம் அதில்தான் இருந்திருக்க வேண்டும். கடைசியில் தோட்டத்துப் பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேட்டில், 1938-ஆம் வருஷத்துப் பக்கத்தில், அப்பா பேர் அகப்பட்டது. தகப்பன் பேர் என்ற இடத்தில் தாத்தா பேர். தொழில்: கூலி. எங்கள் வீட்டில் முன்னோரைத் தேடியது பேத்தியின் கல்லூரி இடத்துக்காக.

தங்களிடம் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. அடுத்த இதழில் அந்த 1955-ஐத் திருத்துங்கள். பக்கத்திலேயே ஒரு சின்னக் கட்டம் கட்டி, பட்டா இல்லாதவர்கள் எங்கே தேடலாம் என்றும் போடுங்கள்: தோட்டத்துப் பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, செக்ரோல், பிறப்பு இறப்புப் பதிவு, பழைய வாக்காளர் பட்டியல், கிறிஸ்தவக் குடும்பமானால் மாதா கோயில் ஞானஸ்நானப் பதிவேடு. பூட்டிய தோட்டங்களில் எஞ்சியிருக்கும் செக்ரோல்களை யாராவது எடுத்துப் பத்திரப்படுத்தும்படி இரண்டு வரி எழுதினால் இன்னும் நல்லது. மழைக்காலத்துக்கு முன் எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளி,
கம்பம்.