ஓவர் ஸ்பீடு சலான்: கட்டும் முன் படத்தைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மண்டபம், பாம்பனிலிருந்து மதுரைக்கு ஓடும் மீன் வண்டிகளுக்கு ஓவர் ஸ்பீடு சலான் வந்தால், ஆயிரம் ரூபாய்தானே என்று போனிலேயே கட்டிவிடுகிறார்கள். கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும். மறுமுறை சிக்கினால் ஓட்டுநர் உரிமத்தையே பறிமுதல் செய்ய மோட்டார் வாகனச் சட்டத்தின் 183-வது பிரிவில் இடமிருக்கிறது.

முதலில் இ-சலான் தளத்தில் வண்டி எண்ணைக் கொடுத்துப் படத்தைப் பாருங்கள். உப்பும் ஐஸ் தண்ணீரும் அரித்த பிளேட்டில் 8 என்பது 3 ஆகத் தெரியும். அப்படி அடுத்தவர் சலான் நம் தலையில் விழும். இரண்டு வண்டிகள் ஒட்டி வரும் படமென்றால், கருவி அளந்தது எதை என்று கேட்கலாம்.

அடுத்தது வேக வரம்பு. பலர் கோட்டைவிடுவது இதில்தான். 2018-ல் மத்திய அரசு வைத்த உச்ச வரம்பின்படி, மதுரை–பரமக்குடி நான்கு வழிச் சாலையில் சரக்கு வண்டிக்கு 80 கி.மீ. பரமக்குடி தாண்டி, நடுவில் தடுப்பில்லாத சாலைக்கு வந்துவிட்டால் 60தான். உள்ளூர் போர்டில் அதைவிடக் குறைவாகப் போட்டிருந்தால் அதுதான் செல்லும். 60 வரம்புள்ள சாலையில் சிக்கிவிட்டு "எழுபதில்தான் சார் வந்தேன்" என்று நீதிமன்றத்தில் சொன்னால், அதுவே ஒப்புதல் வாக்குமூலம்.

கேமரா சலான் என்றால் மத்திய மோட்டார் வாகன விதி 167-ஏ கைகொடுக்கும். கேமரா கண்காணிப்பு உண்டு என்று முன்கூட்டியே எச்சரிக்கைப் பலகை வைத்திருக்க வேண்டும். கருவிக்கான ஒப்புதல் சான்றிதழை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். சம்பவம் நடந்த 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அந்தச் சான்றிதழையும் படம் போன்ற மின்னணுப் பதிவு உண்மையானது என்பதற்கான சான்றையும் எழுத்து மூலம் கேளுங்கள். கருவியே இல்லாமல், வேகமாக வந்ததாகத் தோன்றியது என்ற ஒருவரின் சாட்சியம் மட்டும் தண்டனைக்குப் போதாது; 183-வது பிரிவே அப்படிச் சொல்கிறது.

சலான் மெய்நிகர் நீதிமன்றத்துக்கு (ஆன்லைனிலேயே நடக்கும் நீதிமன்றம்) போயிருந்தால், அந்தத் தளத்தில் அபராதம் கட்டலாம், அல்லது வழக்கை எதிர்க்கிறேன் என்று பதியலாம். எதிர்த்தால் வழக்கு வழக்கமான நீதிமன்றத்துக்கு மாறும். அது சம்பவம் நடந்த எல்லைக்குரிய நீதிமன்றம். திருப்புவனம் பக்கம் சிக்கினால் ராமநாதபுரத்தில் முடியாது, சிவகங்கை மாவட்டத்துக்குத்தான் அலைய வேண்டும். தோற்றால் இலகு ரக வண்டிக்கு அபராதம் 2,000 ரூபாய் வரை போகலாம், அலைச்சலும் வாடகை இழப்பும் தனி. படமும் போர்டும் சரியாக இருந்தால் கட்டிவிடுவதே லாபம்.

வண்டியை விற்றும் ஆர்.சி.யில் பெயர் மாற்றாதவர்களுக்கு நோட்டீஸ் வந்துகொண்டேதான் இருக்கும். ஆர்.டி.ஓ. பதிவில் பழைய போன் எண் இருந்தால் எஸ்.எம்.எஸ். வேறு யாருக்கோ போய், எஃப்.சி.க்கு (வண்டியின் தகுதிச் சான்று) நிற்கும்போதுதான் நிலுவை தெரியவரும்.

காவல்துறைக்கு ஒரு கோரிக்கை: கருவியின் சான்றிதழ் எண்ணையும் அதன் காலாவதி தேதியையும் சலானிலேயே அச்சிடுங்கள். பாதி வழக்கு வாசலிலேயே முடிந்துவிடும்.

இப்படிக்கு,
மீன் வண்டி ஓட்டுநர்கள் சிலர்,
மண்டபம்.