பவுண்டரி விபத்தில் தீக்காயமுற்ற எங்கள் அண்ணனுக்குத் துணை நின்றவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

கோவை வட்டாரத்தில் ஒரு பவுண்டரியில் (இரும்பு வார்ப்படத் தொழிற்சாலையில்) மெட்டல், அதாவது உருகிய இரும்பு, ஊற்றும் வேலையில் இருந்த எங்கள் அண்ணனுக்கு இழப்பீடு வழங்கப் பணியாளர் இழப்பீட்டு ஆணையர் ஆணை பிறப்பித்ததும், அதை எதிர்த்து உயர் நீதிமன்றத்துக்குப் போவதற்கான 60 நாள் கெடு அண்மையில் முடிந்துபோனதும் உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். எதிர்த்தரப்பினர் மேல்முறையீடு செய்யவில்லை. தொகையையும் ஆணையரிடம் கட்டிவிட்டார்கள். கெடு முடியும்வரை இது குறித்துப் பொதுவில் எதுவும் பேச வேண்டாம் என்று வழக்கறிஞர் அம்மையார் சொல்லியிருந்ததால்தான் இந்த நன்றியைச் சொல்ல இவ்வளவு காலம் ஆயிற்று. இதில் யாருடைய பெயரையும் எழுதவில்லை. உங்களில் பலர் இன்னமும் இதே தொழிலில், இதே வட்டாரத்தில் பிழைத்தாக வேண்டியவர்கள். படிக்கும்போது இன்னார் என்று அவரவருக்குத் தெரியும், அது போதும்.

முதல் நன்றி ஒடிசாவிலிருந்து வேலைக்கு வந்திருந்த அந்தத் தம்பிக்கு. உலையிலிருந்து உருகிய இரும்பை வாங்கி அச்சில் ஊற்றும் லேடிலுக்குக் களிமண் பூச்சைப் புதுப்பித்தால், அதை பர்னர் வைத்து ஈரம் துளியும் இல்லாமல் காயவைத்த பிறகுதான் எடுக்க வேண்டும். அன்று அனுப்ப வேண்டிய சரக்கு தேங்கியிருந்ததால் பூச்சு முழுதாகக் காயும் முன்பே லேடிலை எடுக்கச் சொன்னார்கள். பூச்சில் தங்கியிருந்த ஈரம் ஏறத்தாழ 1,400 பாகை வெப்பத்தில் இருந்த இரும்பு பட்டவுடன் ஆவியானது. தண்ணீர் ஆவியாகும்போது 1,600 மடங்குக்கு மேல் விரியும் என்று பின்னர் தொழிற்சாலை விவரம் அறிந்த ஒருவர் எங்களுக்கு விளக்கினார். அந்த விரிவுதான் மெட்டலைத் தூக்கி அண்ணன் மேல் எறிந்தது. வலக்கை முழுதும், வலக்கால் முட்டிக்குக் கீழும், மார்பில் ஒரு பக்கமுமாக உடலில் நான்கில் ஒரு பங்கு வெந்துபோயிற்று.

சுற்றி நின்றவர்கள் மை கொண்டுவா, மாவு கொண்டுவா என்று பதறிக்கொண்டிருக்க, இருபது வயதைத் தாண்டியிராத அந்தத் தம்பி அண்ணனை வெளியே குழாயடிக்கு இழுத்துச் சென்றார். மெட்டல் சிந்திக் கிடக்கும் இடத்தில் தண்ணீர் பட்டால் மறுபடியும் வெடிக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஷூவின் பக்கவாட்டைக் கத்தியால் கிழித்துக் காலை வெளியே எடுத்து, ஆம்புலன்ஸ் வரும்வரை குழாயைத் திறந்து தண்ணீரை ஓடவிட்டபடியே இருந்தார். ஷூவுக்குள் இறங்கிய மெட்டல் இன்னும் சற்று நேரம் அங்கேயே இருந்திருந்தால் பாதத்தைக் காப்பாற்றியிருக்க முடியாது என்று அறுவை மருத்துவர் சொன்னார். அந்தத் தம்பியைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டியிருக்கிறது; பின்னால் சொல்கிறேன்.

108 ஆம்புலன்ஸில் வந்த இருவருக்கும், அரசு மருத்துவமனையின் தீக்காயப் பிரிவில் அன்றிரவு பணியில் இருந்த அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. தீக்காயத்தில் முதல் நாள் கொல்வது புண்ணை விட உடம்பிலிருந்து கசிந்துபோகும் நீர்தான் என்பதை அன்றுதான் நாங்கள் அறிந்தோம். நோயாளியின் எடையையும் வெந்த பரப்பின் விழுக்காட்டையும் பெருக்கி, அதை நான்கால் பெருக்கினால் வரும் மில்லிலிட்டர் அளவு திரவம் ஒரு நாளைக்குள் ஏற வேண்டும். அதிலும் பாதி முதல் 8 மணி நேரத்துக்குள் ஏறிவிட வேண்டும். அண்ணனின் எடை 60 கிலோ, வெந்தது 25 விழுக்காடு, ஆக 6 லிட்டர். இரவு முழுவதும் மணிக்கொரு தரம் பையில் சேர்ந்த சிறுநீரின் அளவைப் பார்த்துக் குறித்து, அதற்கேற்பச் சொட்டின் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் கண் மூடாமல் இருந்த செவிலியர் அக்காவுக்கு நன்றி. தோல் ஒட்டு அறுவைக்குப் பின் தினமும் கட்டுப் பிரிக்கும் வேளையில், அண்ணன் அலறாதிருக்க விடாமல் பழைய கிரிக்கெட் ஆட்டங்களைப் பற்றிப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே கைவேலையை முடித்த உதவியாளருக்கும் நன்றி.

அதே இரவில், அவசரப் பிரிவில் பணியிலிருந்த இளம் மருத்துவர் எழுதிய இரண்டு வரிகள் பின்னாளில் வழக்கின் முதுகெலும்பாக நின்றன. விபத்துப் பதிவேட்டில், ஏ.ஆர். காப்பி என்று எல்லோரும் சொல்வார்களே, அதில் ‘பணியிடத்தில் உருகிய இரும்பு தெறித்ததால்’ என்று காரணத்தையும், ‘மூச்சில் மது வாசனை இல்லை’ என்பதையும் எழுதிக் கையொப்பமிட்டிருந்தார். தொழிலாளி குடித்திருந்தார் என்று வாதாடி இழப்பீட்டிலிருந்து தப்பிக்கச் சட்டத்தில் சில நேர்வுகளில் இடமுண்டு. எதிர்த்தரப்பு பதிலுரையில் அதைத்தான் முதலில் எழுதியது. நெருக்கியடிக்கும் கூட்டத்துக்கு நடுவே, விடுபட்டால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் என்ற நிலையிலும், அந்த வரியை எழுதாமல் விடாத மருத்துவர் இப்போது எந்த ஊரில் பணியாற்றுகிறாரோ, இந்த மடல் அவர் கண்ணில் பட வேண்டும் என்று விரும்புகிறோம்.

இயன்முறை மருத்துவர் அம்மாவைப் பற்றி எழுதத் தொடங்கினால் அதுவே தனி மடலாகிவிடும். ஆறிய தோல் இறுகி, முழங்கையும் விரல்களும் மடங்கிய நிலையிலேயே நின்றுவிடாமல் இருக்க, வலியில் அண்ணன் திட்டிய திட்டையெல்லாம் சிரித்தபடி வாங்கிக்கொண்டு அவர் செய்வித்த பயிற்சியால்தான் இன்று அண்ணன் தன் கையால் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொள்கிறார். தழும்பை அழுத்திப் பிடிக்க நாளில் 23 மணி நேரம் அணிய வேண்டிய அழுத்த உறையைச் சித்திரை வெயிலிலும் கழற்ற விடாமல் பார்த்துக்கொண்டவர் அண்ணி. குடும்பத்துக்குள் நன்றி சொல்லிக்கொள்ளும் வழக்கம் எங்களுக்கு இல்லையாயினும் இங்கே எழுதி வைக்கிறேன்.

புரதம் வேண்டும் என்று மருத்துவர் சொன்னதைக் கேட்டு முட்டை அனுப்பிய எங்கள் வீதியார், ரத்தம் கொடுத்த இளைஞர்கள், வட்டியில்லாமல் கடன் தந்த மகளிர் குழுவினர், கட்டணத்தைத் தள்ளி வாங்கிக்கொண்ட பிள்ளைகளின் பள்ளியார் ஆகியோருக்கும் எங்கள் வணக்கம்.

மருத்துவமனையிலிருந்து வீடு வந்த சில நாளில், அண்ணனைப் பவுண்டரி வேலைக்கு அமர்த்தியிருந்த ஒப்பந்ததாரர் ஒரு தொகையும் முத்திரைத் தாளும் கொண்டுவந்தார். இனி எவ்வித உரிமையும் கோர மாட்டேன் என்று அதில் எழுதியிருந்தது. வீட்டில் அரிசிக்கே திண்டாட்டம் இருந்த நேரம் அது. எதிர்வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்த ஓய்வுபெற்ற பஞ்சாலைத் தொழிலாளி, தொழிற்சங்கத்தில் நெடுங்காலம் இருந்த பெரியவர், எழுந்து வந்து தாளை வாங்கிப் படித்துவிட்டு, “பணத்தக் குடுக்கறதுன்னா குடுத்துட்டுப் போங்க, ஒப்பம் எதுக்குங்க?” என்று கேட்டார். இழப்பீட்டு உரிமையைக் கைவிடும் எந்த ஒப்பந்தமும் செல்லாது என்று 1923-ஆம் ஆண்டுப் பணியாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு சொல்வதை அவர்தான் எங்களுக்கு முதலில் சொன்னார். (எங்கள் வழக்கு அந்தச் சட்டத்தின் கீழ் நடந்தது. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது.) செல்லாத தாளானாலும் கையொப்பம் போட்டுவிட்டால் அதைச் செல்லாது என்று நிரூபிக்கவே ஒரு வழக்கு நடத்த வேண்டியிருக்கும் என்றும் சொன்னார். ஒப்பந்ததாரர் தாளையும் பணத்தையும் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்.

அந்தப் பெரியவரே எங்களை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு அழைத்துச் சென்றார். வருமானம் எவ்வளவாக இருந்தாலும் தொழிற்சாலைத் தொழிலாளிக்கு இலவச வழக்கறிஞர் பெறும் உரிமை 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12-ஆம் பிரிவில் இருக்கிறது. இதை அறியாமல் எத்தனையோ பேர் நகையை அடகு வைத்து வழக்கு நடத்துகிறார்கள். எங்களுக்கு அமர்ந்த வழக்கறிஞர் அம்மையார், இலவச வழக்குத்தானே என்று எந்த வாய்தாவிலும் ஜூனியரை அனுப்பியதில்லை. அண்ணனுக்கு இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசு காப்பீட்டுத் திட்டம்) உண்டா என்பதை முதலில் சரிபார்த்தார். இ.எஸ்.ஐ.க்கு உட்பட்டவர் என்றால் பலன்களை அங்கேதான் கேட்க வேண்டும், ஆணையரிடம் கேட்க முடியாது. அண்ணனின் கூலி மாதம் 24,000 ரூபாய். 21,000 என்ற வரம்பைத் தாண்டியதால் அவர் அதற்குள் வரவில்லை.

வழக்கின் சிக்கல் முழுவதும் ஓரிடத்தில் இருந்தது. பவுண்டரியின் வருகைப் பதிவேட்டில் அண்ணனின் பெயரே இல்லை. ஒப்பந்ததாரரோ, அந்த ஆளைத் தமக்குத் தெரியவே தெரியாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். ஒப்பந்ததாரரின் ஆளாக இருந்தாலும் முதன்மை முதலாளி, அதாவது பவுண்டரிக்காரர், இழப்பீடு தர வேண்டும் என்று இழப்பீட்டுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு சொன்னது; ஆனால் உள்ளே வேலை செய்தார் என்பதை முதலில் காட்ட வேண்டுமே.

அதைக் காட்டியவர் பவுண்டரி வாசலில் டீக்கடை வைத்திருக்கும் அக்கா. நீள வாக்கில் மடித்த, எண்ணெய்க் கறை படிந்த அவருடைய பற்று நோட்டில் ஒப்பந்ததாரரின் கணக்கு தனிப் பக்கமாக இருந்தது. நாள்தோறும் எந்தெந்த ஆளுக்கு எத்தனை டீ, எத்தனை வடை என்று பென்சிலில் எழுதி, சனிக்கிழமை தோறும் கூட்டிப் போட்டு, ஒப்பந்ததாரர் பணம் கொடுத்ததும் பேனாவால் அடித்திருந்தார். விபத்து நடந்த நாளின் வரியிலும் அண்ணன் பெயருக்கு நேரே இரண்டு டீ இருந்தது. அதற்கு மறுநாளிலிருந்து அந்தப் பெயர் இல்லை. தம் வியாபாரமே அந்தப் பவுண்டரியை நம்பியிருக்க, கடையைச் சாத்திவிட்டுச் சாட்சி சொல்ல வந்தார். இது டீக் கணக்குத்தானே, வேலை செய்தார் என்பதற்கு இது எப்படி ஆதாரமாகும் என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் மடக்கியபோது அவர் சொன்ன பதிலை ஆணையரே சிரிப்பை அடக்கிக்கொண்டு பதிவு செய்தார்: “உள்ளார வேலை செய்யாத ஆளுக்குத் தெனமும் டீ எதுக்குங்க உள்ள அனுப்பச் சொல்றாங்க?”

அக்கா, அதன் பின் உங்கள் கடைக்கு உள்ளிருந்து வரும் ஆர்டர் நின்றுபோனது எங்களுக்குத் தெரியும். நீங்கள் அதை எங்களிடம் ஒரு முறைகூடச் சொன்னதில்லை.

ஒடிசாத் தம்பியும் சாட்சி சொன்னார். லேடிலை எடுக்கச் சொன்னது யார், தோல் ஏப்ரனும் காலுறைக் காப்பும் கொடுத்திருந்தார்களா என்ற கேள்விகளுக்கெல்லாம் தமக்குத் தெரிந்த தமிழில், மொழிபெயர்ப்பாளரைக்கூட எதிர்பாராமல், நேராகப் பதில் சொன்னார். இந்தச் சட்டத்தில் முதலாளியின் கவனக்குறைவை நாம் நிரூபிக்கத் தேவையில்லை. வேலையின் காரணமாக, வேலையின்போது காயம் பட்டது என்று காட்டினால் போதும். ஆனாலும் அண்ணன் தானாகவே கட்டளையை மீறி லேடிலை எடுத்தார் என்று எதிர்த்தரப்பு சொன்னதால், அந்தச் சாட்சியம் இல்லாமல் நாங்கள் தடுமாறியிருப்போம். சாட்சி சொன்ன வாரமே அவருக்கு வேலை போயிற்று. இப்போது ஊரில் இருக்கிறார். இம்மடலை ஒடியாவில் மாற்றித் தர ஒருவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். தம்பிக்கு அதைத் தனியே அனுப்புவோம்.

இழப்பீட்டின் அளவை நிர்ணயித்ததில் அறுவை மருத்துவரின் சாட்சியத்துக்குப் பெரும் பங்குண்டு. மருத்துவக் குழு கொடுத்த ஊனச் சான்றிதழில் 45 விழுக்காடு என்றுதான் இருந்தது. கை கால் துண்டானால் அதற்குரிய விழுக்காடு சட்டத்தின் அட்டவணையிலேயே உண்டு. தீக்காயத் தழும்புக்கு அப்படி இல்லை, சம்பாதிக்கும் திறன் எவ்வளவு போயிற்று என்பதை மருத்துவர்தான் மதிப்பிட்டுச் சொல்ல வேண்டும். ஒட்டிய தோலில் வியர்வைச் சுரப்பி வேலை செய்யாது, உடம்பின் இவ்வளவு பரப்பு வியர்க்காத ஒருவர் உலைக்குப் பக்கத்தில் நின்றால் மயங்கி விழுவார், ஆகவே இவர் அறிந்த தொழிலை இனி இவரால் செய்யவே முடியாது என்று அவர் ஆணையருக்கு விளக்கினார். இடக்கையை இழந்த ஒரு தச்சருக்கு, அவர் தச்சுவேலை இனிச் செய்ய இயலாது என்பதால், முழு இழப்பாகவே கணக்கிட்டது சரி என்று உச்ச நீதிமன்றம் பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கில் 1975-இல் சொன்ன தீர்ப்பை வழக்கறிஞர் அம்மையார் அதனோடு சேர்த்து வைத்தார். ஆணையர் முழு இழப்பு என்று ஏற்கவில்லை; 70 விழுக்காடு என்று முடிவு செய்தார்.

கணக்கு இப்படி வந்தது: மாதக் கூலியில் 60 விழுக்காடு, அதை 35 வயதுக்கு அட்டவணையில் உள்ள 197.06 என்ற எண்ணால் பெருக்கி, அதில் 70 விழுக்காடு. அண்ணன் வாங்கியது 24,000 என்றாலும் அந்தச் சட்டம் 15,000 ரூபாய்க்கு மேல் கூலியைக் கணக்கில் எடுக்கவில்லை. 2020 சனவரியில் உயர்த்திய வரம்பு அது. ஆக 9,000 ரூபாயை வைத்துப் பெருக்கி 12,41,478 ரூபாய்; அதன்மேல், விபத்து நடந்து ஒரு மாதம் கழிந்த நாளிலிருந்து ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டி; மருத்துவச் செலவு தனி. ஒருவர் உண்மையில் வாங்கிய கூலியைப் பார்க்காத கணக்கு நியாயமான கணக்காக எனக்கு இன்றுவரை தோன்றவில்லை. ஆணையர் சட்டத்துக்கு உட்பட்டுத் தம்மால் இயன்றதைச் செய்தார் என்பதில் ஐயமில்லை. ஒவ்வொரு வாய்தாவிலும் அண்ணனை நிற்கவிடாமல் நாற்காலி போடச் சொன்னதற்கும் அவருக்கு நன்றி.

பெற்ற தொகையில் கடன்கள் அடைந்தன. மீதி வைப்பு நிதியில் இருக்கிறது. அண்ணன் இப்போது வார்ப்புக்கான மாதிரி வடிவம் செய்யும் ஒரு பேட்டர்ன் கடையில் கணக்கு எழுதுகிறார். வெயிலில் தழும்பு அரிக்கும். மற்றபடி நலமாக இருக்கிறார்.

ஆணையின் நகல், மனுவின் நகல், நாங்கள் தாக்கல் செய்த ஆவணங்களின் பட்டியல் எல்லாம் எங்கள் வீட்டில் ஒரே கோப்பில் இருக்கின்றன. இதே நிலையில் உள்ள எவரையாவது உங்களுக்குத் தெரிந்தால் ஞாயிற்றுக்கிழமையில் அனுப்பி வையுங்கள். நகல் எடுத்துத் தருவதோடு, வழக்கு எந்தெந்த இடத்தில் மாட்டிக்கொள்ளும் என்பதை அண்ணனே உட்கார்ந்து சொல்வார்.

இப்படிக்கு,
நன்றியுடன்,
குடும்பத்தார் சார்பில் தங்கை