அத்திக்கன்று வாங்கமுதல் ஒரு கடிதம்

அன்புள்ள தங்கச்சி,

ஸ்காபரோ வீட்டுப் பின்வளவில் அத்தி வைக்கப் போறன் என்று நீ சொன்னதிலிருந்து எனக்குப் பெரிய சந்தோஷம். கடைக்குப் போகமுதல் இதை ஒருக்கா வாசி.

'குளிர் தாங்கும்' என்று அட்டை தொங்குவதில் பேர்போனது சிக்காகோ ஹார்டி என்ற அத்தி வகை. அதன் கிளைகள் மைனஸ் 12 பாகை செல்சியஸ் அளவுக்குத் தாங்கும். அதற்கும் கீழே போனால் மேலே நிற்பதெல்லாம் பட்டுவிடும். வேர் மட்டும் மூடாக்குக்குள் உயிரோடு கிடந்து, பிறகு துளிர்க்கும், அந்தப் புதுக்கிளையில் காயும் பிடிக்கும். ஆனால் அடியிலிருந்து எழும்பும் கிளை காய்பிடிக்கவே ஆவணியாகிவிடும். ஐப்பசி உறைபனிக்கு முதல் அந்தக் காய் எங்கே பழுக்கிறது? ரொறன்ரோவில் குளிரைவிடக் குறுகின கோடைதான் அத்திக்குப் பெரிய இடைஞ்சல். அதனால் கெதியாய்ப் பழுக்கும் வகையாகப் பார். ரோன்ட் டி போர்டோ சின்னப் பழம்தான், ஆனால் நேரத்தோடு பழுக்கும். போன வருசத்துக் கிளையையும் பட்டுப்போக விடாதே.

எங்கள் பக்கத்து வீட்டு இத்தாலிய ஐயா தன்னுடைய மரத்தைக் கார்த்திகையில் தாழ்ப்பார். கிளைகளைக் கயிற்றால் இறுக்கிக் கட்டி, ஒரு பக்க வேரை மண்வெட்டியால் அறுத்து, மற்றப் பக்கமாக மெல்லச் சாய்த்து, நீளக் கிடங்குக்குள் படுக்க வைப்பார். மேலே பலகை, சருகு, மண். இத்தனை வயதிலும் அந்த வேலையை வேறு ஆளிடம் விடமாட்டார். வசந்தத்தில் மரம் கிளை கெடாமல் எழும்பி நிற்கும்.

உனக்குச் சாடிதான் சுகம். ஐம்பது லீற்றர் சாடி போதும். இலை கொட்டினதும் சூடேற்றாத கராஜுக்குள் தள்ளிவிடு. 0 முதல் 7 பாகைவரை இருந்தால் நல்லது, வெளிச்சம் தேவையில்லை. மண் காய்ந்து தூளாகாத அளவுக்கு மாதத்துக்கொருக்கால் கொஞ்சத் தண்ணீர். வீட்டுக்குள் சூட்டில் வைத்தாயோ, தை மாதமே வெளிறின குருத்து விட்டு மரம் களைத்துப்போகும். வைகாசி நடுப்பகுதிக்குப் பிறகு வெளியே எடு, முதல் ஒரு கிழமை நிழலில் நிற்கட்டும்.

புதுக்கிளையில் ஐந்தாறு இலை வந்ததும் நுனியைக் கிள்ளு. காய் முந்தும். கையுறை போட்டுக்கொள், கிள்ளின இடத்தில் வடியும் பால் தோலில் பட்டு வெயிலும் பட்டால் கொப்பளிக்கும்.

உலர்ந்த அத்திப்பழ விதையைப் போட்டு முளைக்க வைக்கலாமா என்று அம்மா கேட்டா. வேண்டாம். அதில் தின்ன உதவாத ஆண்மரமும் வரும். பெண்மரமென்றாலும் காய் பழுக்க அத்திக்குளவி தேவைப்படலாம், அந்தக் குளவி இந்தக் குளிரில் வாழாது. கடையில் விற்கிற இந்த வகைகளுக்குக் குளவி தேவையில்லை.

பழம் கழுத்துத் தளர்ந்து தலைகீழாகத் தொங்கும்வரை தொடாதே. முந்திப் பறித்தால் பிறகு பழுக்காது.

கடையில் ரோன்ட் டி போர்டோ கிடைக்காவிட்டால் எனக்குச் சொல்லு. என்னுடைய மரத்திலிருந்து பென்சில் மொத்தத்தில் நாலு தடி நடுவதற்கு வெட்டித் தாறன்.

அன்புடன்,
அண்ணா