அந்த நீல வண்டி இப்போதைக்கு வேண்டாம்

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய போட்டோவை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். யமஹா ஆர்6, 600 சிசி, நீல நிறம், ரேஸ் ஃபேரிங் (வண்டியைச் சுற்றியிருக்கிற மேல்மூடி) மாட்டியது. கண்ணாடி, இண்டிகேட்டர், சைடு ஸ்டாண்ட் எல்லாம் கழற்றியாகிவிட்டது. அழகான வண்டிதான், யார் இல்லை என்றார்கள்? "இதையே வாங்கி இந்த சீசனிலேயே ரேஸ்ல இறங்கிடட்டுமா அப்பா?" என்று கீழே ஒரே வரி. போனில் பேசினால் ரெண்டாவது நிமிஷத்தில் நீ குரலை உயர்த்துவாய், நானும் பதிலுக்கு உயர்த்துவேன், உன் அம்மா போனைப் பிடுங்கி வைத்துவிடுவாள். அதனால் எழுதியே விடுகிறேன்.

அது வேண்டாம்மா. இரண்டு சீசன் போகட்டும், அப்போதும் உனக்கு 600 மேல் ஆசை இருந்தால் நானே கூட வந்து பார்த்து வாங்கித் தருகிறேன். முதல் வண்டியாக வேண்டாம்.

அப்பா பயந்துபோய்ச் சொல்கிறார் என்று நினைப்பாய். பயம் இருக்கிறது, அதை மறைக்கவில்லை. ஆனால் இதை நான் பட்ட அனுபவத்தில் சொல்கிறேன். நீ பிறப்பதற்கு முன்னால் நான் ரேஸுக்கென்று வாங்கிய முதல் வண்டியும் ஒரு 600தான். அப்போது டிராக்கில் ஓட்டிய அனுபவம் மொத்தம் நாலு நாள். ஸ்ட்ரெயிட்டில், அதாவது வளைவில்லாத நேர் பாதையில், என்னை யாரும் தாண்ட முடியாது. வளைவு வந்தால் எல்லோருக்கும் முன்னால் பிரேக்கைப் பிடித்து, உள்ளே தவழ்ந்து போய், வண்டி நிமிர்ந்ததும் ஆக்சிலேட்டரை முறுக்குவேன். வளைவில் நான் தொலைத்த நேரத்தையெல்லாம் அந்த 120 குதிரைச் சக்தி அடுத்த ஸ்ட்ரெயிட்டில் பொறுக்கிக் கொடுத்துவிடும். லேப் டைம், அதாவது ஒரு சுற்றுக்கு ஆகிற நேரம், பார்த்தால் மோசமாக இருக்காது. அதனால் நன்றாக ஓட்டுகிறேன் என்றே நம்பிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் பிராக்டிஸில் எல்லா கிளாஸையும், அதாவது எல்லா வண்டிப் பிரிவுகளையும், ஒன்றாக விட்டார்கள். ஒரு பழைய 400. என் வண்டியின் சக்தியில் பாதி இருந்தால் அதிகம். நீளமான வலது வளைவில் அதை ஓட்டியவர் எனக்கு வெளிப்பக்கமாக, முழங்கால் தரையில் உரசும் சத்தம் ஹெல்மெட்டுக்குள் கேட்கிற தூரத்தில், என்னைச் சுற்றிக்கொண்டு போனார். ஸ்ட்ரெயிட்டில் நான் தாண்டினேன். அடுத்த வளைவில் மறுபடி அவர். ஐந்து லேப் இதே கூத்து. பிட்டுக்கு வந்து ஹெல்மெட்டைக் கழற்றினால் நரைத்த மீசை, என் அப்பா வயசு இருக்கும். என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுச் சொன்னார்: "பிரேக் பிடிக்க உனக்கு பயமில்ல தம்பி. பிடிச்ச பிரேக்க விடத்தான் பயப்படுற."

எனக்குக் கோபம்தான் வந்தது. வேகத்தை வளைவுக்குள் எடுத்துப்போக எனக்குத் தைரியமில்லை என்றுதான் அவர் சொன்னார் என்று புரிய ஒரு வருஷம் ஆனது.

அந்த சீசனின் நாலாவது ரேஸில், ஒரு மெதுவான வளைவிலிருந்து வெளியே வரும்போது வண்டி சாய்ந்திருக்கிற நிலையிலேயே அவசரப்பட்டு முறுக்கினேன். பின் டயர் வழுக்கியது. பதறிப்போய் ஆக்சிலேட்டரை மூடினேன். டயர் சட்டென்று தரையைப் பிடித்தது, வண்டி உதறி என்னை மேலே தூக்கி எறிந்தது. காலர் எலும்பு முறிந்தது. அதைக்கூட விடு. ரேடியேட்டர், கிளிப்-ஆன் ஹேண்டில், சீட்டுக்குக் கீழே இருக்கிற சப்ஃபிரேம், ஒரு பக்க எஞ்சின் கவர், எல்லாம் போய், சரிசெய்யப் பணம் இல்லாமல் வண்டி எட்டு மாதம் தார்ப்பாயின் கீழ் கிடந்தது. 45 குதிரைச் சக்தி உள்ள சின்ன வண்டியில் அதே தப்பைச் செய்திருந்தால் பெரும்பாலும் பின்பக்கம் ஒருமுறை ஆடி அடங்கியிருக்கும். நானும் "ஓ, இது தப்பா" என்று கற்றுக்கொண்டு அடுத்த லேப் போயிருப்பேன்.

சரி, அப்புறம் எதை வாங்குவது? அதற்கு முன்னால் ஒரு கேள்வி: எந்த கிளாஸில் ஓட்டப்போகிறாய்? நீ வண்டியை முதலில் பிடித்துவிட்டு கிளாஸைத் தேடுகிறாய். எல்லோரும் அப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள், நானும் அப்படித்தான். நீ சேரப்போகிற அமைப்பின் ரூல் புக்கை எடுத்து கிளாஸ் பற்றிய பக்கங்களை இரண்டு தடவை படி. சிசி மட்டும் பார்த்தால் போதாது. எத்தனை சிலிண்டர், எஞ்சினைத் தொடலாமா, எஞ்சினைக் கட்டுப்படுத்துகிற கம்ப்யூட்டரான இசியூவை மாற்றலாமா, எந்த டயர் போடலாம் என்று ஒவ்வொன்றுக்கும் விதி இருக்கும். யாரோ ஆசையாக எஞ்சினைப் பிரித்து ஏதோ செய்து வைத்திருந்தால், அதே ஒரு காரணத்துக்காக அந்த வண்டி உன்னைப் புதியவர்கள் ஓட்டும் கிளாஸிலிருந்து அனுபவசாலிகள் கிளாஸுக்குத் தள்ளிவிடும். விற்கிறவர் "ரேஸ் ரெடி" என்றால், எந்த கிளாஸுக்கு ரெடி என்று கேள்.

அதோடு, ஓட்டாமல் சும்மா ஒரு ரேஸ் வார இறுதிக்குப் போய்விட்டு வா. கையில் ஒரு நோட்டு. ஒவ்வொரு கிளாஸிலும் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணு. ரிசல்ட் ஷீட்டில் முதல் மூன்று பேரை விட்டுவிடு, அவர்களால் உனக்கு இப்போதைக்கு ஒரு உபயோகமும் இல்லை. பத்தாவது ஆளுக்கும் இருபதாவது ஆளுக்கும் நடுவே லேப் டைம் எவ்வளவு நெருக்கமாக இருக்கிறது என்று பார். நீ இருக்கப்போகிற இடம் அது. அங்கே கூட்டம் இருந்தால் ஒவ்வொரு லேப்பும் யாரோ ஒருவர் முன்னாலும் பின்னாலும் இருப்பார்கள், ரேஸ் என்றால் என்ன என்று அங்கேதான் கற்றுக்கொள்வாய். ஆறே பேர் நிற்கிற கிளாஸில் கோப்பை கிடைக்கும், ஆனால் பாதி நேரம் தனியாகச் சுற்றிக்கொண்டிருப்பாய். இன்னொரு லாபமும் உண்டு. எல்லோரும் ஒரே வண்டி வைத்திருக்கிற கிளாஸில் உன் கிளட்ச் லீவர் உடைந்தால் பக்கத்து டென்ட்டில் ஒன்று கிடைக்கும்.

சின்ன வண்டியை அதற்கு மேலிருக்கிற கிளாஸிலும் ஓட்டப் பல இடங்களில் விடுவார்கள். ஒரே நாளில் இரண்டு ரேஸ், ஒரே வண்டி. பெரிய வண்டியைக் கீழே கொண்டுவர யாரும் விடமாட்டார்கள்.

என்னைக் கேட்டால் கவாசாகி நிஞ்சா 400, அல்லது யமஹா ஆர்3. முதலாவது 399 சிசி, இரண்டாவது 321, இரண்டும் இரட்டை சிலிண்டர். இரண்டுமே சளைக்காத எஞ்சின்கள், பார்ட்ஸ் சுலபமாகக் கிடைக்கும், எப்படித் தயார் செய்வது என்று ஊருக்கே தெரியும். இரண்டும் ஒரே கிளாஸில் வந்தால் 400க்குக் கொஞ்சம் கை ஓங்கியிருக்கும், அதை விதியில் எப்படிச் சமன் செய்திருக்கிறார்கள் என்று பார்த்துக்கொள். கேடிஎம் ஆர்சி 390 ஒற்றை சிலிண்டர், வளைவில் கத்தி மாதிரி திரும்பும். எனக்குப் பிடிக்கும். ஆனால் எஞ்சினை இன்னும் கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும், உனக்கு அந்தப் பொறுமை இருக்கிறதா என்று நீயே சொல்லு. இதற்கு மேல் படியில் சுசூகி எஸ்வி650. 1999-இல் வந்த வண்டி, 645 சிசி வி-ட்வின் (வி வடிவில் நிற்கிற இரட்டை சிலிண்டர்), சுமார் 70 குதிரைச் சக்தி. இன்றைக்கும் கிளப் ரேஸ்களில் ஓடுகிறது. அதே வரிசையில் இப்போது யமஹா ஆர்7, ஏப்ரிலியா ஆர்எஸ்660 எல்லாம் வந்துவிட்டன. உன் இரண்டாவது வண்டி அங்கேதான் இருக்கிறது. 1000 பற்றிப் பேச்சே வேண்டாம்.

சின்ன வண்டி என்றால் சின்னப் பிள்ளைகளுக்கு என்று உன் சிநேகிதர்கள் யாராவது சிரித்தால், சூப்பர்ஸ்போர்ட் 300 உலக சாம்பியன்ஷிப்பின் பழைய ரேஸ்களைப் பார்க்கச் சொல்லு. 2017-இல் ஆரம்பித்து 2025 வரை நடந்தது. ஆரம்பித்த மறு வருஷமே, 2018-இல், ஸ்பெயினைச் சேர்ந்த அனா கராஸ்கோ நிஞ்சா 400-ல் அந்தப் பட்டத்தை ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தார். தனி ஆளாக ஓட்டும் சர்க்யூட் மோட்டார்சைக்கிள் ரேஸில் உலகப் பட்டம் வென்ற முதல் பெண் அவர். வெவ்வேறு எஞ்சின்களைச் சமன் செய்ய வண்டிக்கு வண்டி ஆர்பிஎம் உச்சவரம்பும் குறைந்தபட்ச எடையும் வைத்திருந்தார்கள். அதனால் பத்துப் பன்னிரண்டு பேர் ஒரே கொத்தாகக் கடைசி வளைவுக்கு வருவார்கள். அதைப் பார்த்தால் யாருக்கும் சிரிக்கத் தோன்றாது.

உன் உடம்பும் இதற்குச் சாதகம். நீ 54 கிலோ, பக்கத்தில் நிற்கிறவன் 85 என்றால் 31 கிலோ வித்தியாசம். 45 குதிரைச் சக்தி வண்டியில் அது ஒவ்வொரு ஸ்ட்ரெயிட்டிலும் தெரியும். 120-ல் அவ்வளவாகத் தெரியாது. ஆனால் இதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு. பழைய ஓனர் 85 கிலோ ஆளாக இருந்து அவருக்கேற்ற ஸ்பிரிங் போட்டிருந்தால், உனக்கு அது பலகை மாதிரி இருக்கும். நீ சூட், ஹெல்மெட்டோடு உட்காரும்போது சஸ்பென்ஷன் சுமார் 3 செ.மீ. இறங்க வேண்டும். அதைவிட ரொம்பக் குறைவாக இறங்கினால் ஸ்பிரிங்கை மாற்று. எக்ஸாஸ்டுக்குச் செலவழிக்கிற காசை இதில் போடு. சத்தம் லேப் டைமைக் குறைக்காது.

ரோட்டு வண்டியை வாங்கி நாமே மாற்றலாம் என்று உன் தம்பி சொன்னானாம். அவனுக்கு ஸ்பானர் பிடிக்கக் கை அரிக்கிறது, அவ்வளவுதான். ரேஸ் ஃபேரிங், எஞ்சின் ஆயில் கொட்டினால் தாங்குகிற பெல்லி பேன், ரியர்செட் என்கிற பின்னால் தள்ளி வைக்கும் கால்மிதி, பிரேக் லீவர் கார்டு, ஸ்டீல் பின்னல் பிரேக் ஹோஸ் என்று ஒவ்வொன்றாக வாங்கினால் கணக்கு எகிறிவிடும். ஏற்கெனவே இதையெல்லாம் செய்து ஓரிரண்டு சீசன் ஓடிய வண்டியை வாங்கினால் அந்தச் செலவில் பெரும்பகுதி முந்தைய ஓனருடையது. ஆயில் டிரெயின் போல்ட், ஃபில்டர், கேலிப்பர் போல்ட் இவற்றில் லாக் வயர், அதாவது கழன்றுவிடாமல் பிடிக்கிற கம்பி, கட்டியிருக்கும். அது எப்படிக் கட்டியிருக்கிறது என்று பார்த்தாலே ஆளைத் தெரிந்துவிடும். போல்ட்டை இறுக்குகிற திசையில் இழுத்து, சீராக முறுக்கி, நுனியை மடித்திருந்தால் மீதி வேலையையும் நம்பலாம். கன்னாபின்னாவென்று சுற்றியிருந்தால் எஞ்சினுக்குள்ளும் அதே கைதான் போயிருக்கும். ரேடியேட்டரில் கூலன்ட் இருக்கிறதா, வெறும் தண்ணீரா என்றும் கேள். கிளைக்கால் என்ற ரசாயனம் கலந்த கூலன்ட் டிராக்கில் கொட்டினால் சோப்பு மாதிரி வழுக்கும், அதனால் பல இடங்களில் அனுமதி கிடையாது.

பார்க்கப் போகும்போது ஃபேரிங்கில் இருக்கிற கீறலைப் பற்றிக் கவலைப்படாதே. விழாத ரேஸ் வண்டி என்று ஒன்று கிடையாது. ஹேண்டிலை இடது கோடி வரைக்கும் திருப்பு. அது முட்டி நிற்கிற குமிழ் ஒன்று ஃபிரேமில் இருக்கும். விரலை விட்டுத் தடவிப் பார். நசுங்கியிருந்தாலோ உடைந்து வெல்டு வைத்திருந்தாலோ வண்டி பல்டி அடித்திருக்கிறது என்று அர்த்தம், நன்றி சொல்லிவிட்டு வந்துவிடு. வலது பக்கமும் அப்படியே. முன் சக்கரத்தைத் தூக்கி வைத்து ஹேண்டிலை மெதுவாகத் திருப்பும்போது நடுவில் லேசாகச் சிக்கினால் கோன்செட், அதாவது ஹேண்டில் திரும்புகிற பேரிங், போயிருக்கிறது. அது சின்ன வேலை, விலையில் குறைத்துக்கொள்ளலாம். ஃபோர்க் குழாயில் விரலை ஓட்டு, எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டினால் சீல் மாற்ற வேண்டும். பின்னால் நின்று இரண்டு சக்கரமும் ஒரே கோட்டில் இருக்கிறதா என்று குனிந்து பார். டயர் எத்தனை நாள் ஓடியது என்று கேட்டு, என்ன பதில் வந்தாலும் புதுசு போட வேண்டியிருக்கும் என்று வைத்துக்கொள்.

டயர் என்றதும் ஞாபகம் வருகிறது. வேகமாக ஓட்டுகிற ஆள் 600-ல் ஒரே வார இறுதியில் ஒரு பின் டயரைத் தின்றுவிடுவான். உன் சின்ன வண்டியில் அதே டயர் பல வார இறுதிகளுக்கு வரும். மிச்சமாகிற காசுக்கு டிராக் டே, அதாவது போட்டியில்லாமல் டிராக்கில் ஓட்டிப் பழகுகிற நாட்களுக்கு, போ. முதல் ரேஸுக்கு முன்னால் அந்த வண்டியிலேயே ஆறு நாளாவது ஓட்டியிருக்க வேண்டும், இதில் எனக்கு விட்டுக்கொடுக்க மனசில்லை. கையில் இருக்கிற மொத்தப் பணத்தில் பாதிக்கு மேல் வண்டிக்குப் போகக்கூடாது. மீதியில் முதலில் ஒற்றைத் துண்டு லெதர் சூட், உள்ளே ஏர்பேக். ஹெல்மெட் புதுசாக வாங்கு. செகண்ட் ஹேண்ட் ஹெல்மெட் எவ்வளவு நல்ல மாடலாக இருந்தாலும் தொடாதே, அது எத்தனை தடவை தரையைப் பார்த்திருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது.

அம்மாவிடம் இதில் பாதியைச் சொல்லிவிட்டேன். காலர் எலும்பு பற்றி அவளுக்கு முன்பே தெரியும். "அவ உன்ன மாதிரியே" என்று மட்டும் சொன்னாள், திட்டினாளா பாராட்டினாளா என்று இன்னும் பிடிபடவில்லை.

ஏதாவது நிஞ்சா 400 கண்ணில் பட்டால் ஃபேரிங் போட்டோ அனுப்பாதே. ஹேண்டில் முட்டுகிற குமிழை இரண்டு பக்கமும் கிட்டத்தில் எடுத்து அனுப்பு, லாக் வயரையும் சேர்த்து. ராத்திரி எத்தனை மணியானாலும் பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா